காய்ந்த லேனுக்கு எந்தப் பந்து? ஹட்டன் பக்கத்துப் பையன்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிரிக்கெட் பற்றித் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும். இது பத்துப் பின்களை முக்கோணமாக நிறுத்தி, பந்தை உருட்டி விழுத்துகிற பவுலிங். பந்து உருள்கிற நீளப் பாதைக்குப் பெயர் லேன். நான் ஹட்டனுக்குக் கிட்ட ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவன். டோஹாவில் ஒரு பவுலிங் சென்டரில் எட்டு வருடம் லேன் மெக்கானிக் வேலை பார்த்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன். பின் அடுக்குகிற இயந்திரத்துக்குள் தலையை விட்டதும், லேனுக்கு எண்ணெய் போட்டதும், ஆட்களின் பந்தைத் துடைத்துக் கொடுத்ததும்தான் என் படிப்பு. இப்போது மாதத்துக்கு ஒரு தடவை, கொழும்பில் வேலை செய்கிற நம் பையன்கள் நாலைந்து பேரும், வெளிநாட்டில் ஆடிப் பழகித் திரும்பிய இரண்டு மூன்று பேரும், நானுமாகக் கொழும்பில் ஆடுகிறோம். பெரும்பாலும் ஞாயிறு பின்னேரம். அந்த நேரத்துக்கு லேன் காய்ந்து கிடக்கும். அதனால் கேள்வியும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைக்கிறேன். வலது கைக்காரர் என்று வைத்தே எழுதியிருக்கிறேன். இடது கைக்காரருக்கு ஒரு பதில் கீழே தனியாக இருக்கிறது.

லேன் காய்கிறது என்றால் என்ன? அதில் ஈரம் எங்கே இருந்தது?

எண்ணெய்தான். லேன் பளபளவென்று தெரிவதற்குப் பாதிக் காரணம் அதுதான். பந்தை விடும்போது தாண்டக் கூடாத ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அகலம் 41.5 அங்குலம், அதை 39 பலகைகளாக எண்ணுவார்கள். ஆள் நிற்கிற முன்பக்கம் ஏறக்குறைய 40 அடிக்கு எண்ணெய் பூசி, பின்களுக்குக் கிட்ட உள்ள பின்பக்கத்தை வெறுமையாக விடுவது வழக்கம். பொதுமக்கள் ஆடுகிற இடங்களில் நடுவில் தடிப்பாகவும் ஓரங்களில் மெல்லிதாகவும் பூசியிருக்கும். ஒரு லேன் முழுவதற்கும் போகிற எண்ணெய் 20 முதல் 30 மில்லிலீட்டர்தான். பிளேன்டீ கோப்பையில் ஊற்றினால் கால்வாசிகூட வராது. காலையிலிருந்து உருள்கிற அத்தனை பந்தும் அந்தக் கொஞ்சத்தைத்தான் பங்கு போடுகின்றன.

தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கு இறங்குகிற கல்படியை நினைத்துப் பாருங்கள். ஆட்கள் குடத்தோடு ஏறி இறங்குகிற நடு இடத்தில் பாசி இருக்காது; கால் பிடிக்கும். ஓரத்தில் யாரும் மிதிக்காத இடத்தில் பாசி கிடக்கும். கால் வைத்தால் வழுக்கும். லேனிலும் அப்படித்தான். பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் வலது கைக்காரர். அவர்களில் பெரும்பாலானோர் லேனில் குறித்திருக்கிற அம்புக்குறிகளில் வலப்பக்கத்து இரண்டாவதுக்கு மேலே, அதாவது பத்தாவது பலகையை ஒட்டி விடுகிறார்கள். அந்தத் தடத்தில் எண்ணெய் முதலில் போய்விடும். பந்து அங்கே வழுக்காமல் பிடிக்கும். பிடித்த இடத்திலேயே திரும்பத் தொடங்கும். இதைத்தான் லேன் காய்ந்துவிட்டது, எரிந்துவிட்டது என்கிறோம்.

இன்னொன்றும் நடக்கும். சென்டரின் அடுக்கில் இருக்கிற பிளாஸ்டிக் பந்து எண்ணெயைக் குடிக்காது. முன்னுக்கு இழுத்துக்கொண்டு போய்ப் பின்பக்கத்தில் தடவி விடும். சொந்தப் பந்துக்காரர்களின் ரெசின் பந்து எண்ணெயைக் குடிக்கும். யார் அதிகமாக ஆடினார்கள் என்பதைப் பொறுத்து லேன் வேறு வேறு மாதிரி காயும்.

காய்ந்திருக்கிறது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பந்து திரும்பி வந்தவுடன் அதை எடுத்துப் பாருங்கள், துடைக்க முதல். ஹூக் போடுகிறவரின், அதாவது பந்தைச் சுழற்றி வளைய விடுகிறவரின் பந்தில் எண்ணெய் வளையம் வளையமாக ஒட்டியிருக்கும். பந்து உருள உருள அதன் அச்சு நகர்வதால், ஒரு இடத்தில் எல்லாக் கோடும் சேர்ந்தும் மற்ற இடத்தில் விரிந்தும் தெரியும். காலையில் வந்தால் அந்தக் கோடு விரலில் வழியும். பின்னேரம் வந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். கோடு மங்க மங்க லேன் காய்கிறது. டோஹாவில் நான் லேனுக்கு எண்ணெய் போட நேரமாகிவிட்டதா என்று பார்த்ததே இப்படித்தான். மணிக்கூட்டைப் பார்த்ததை விட ஆட்களின் துவாயைப் பார்த்ததுதான் அதிகம்.

அடுத்தது பின்கள். முதல் பின்னுக்கும் அதன் வலப்பக்கத்து மூன்றாம் பின்னுக்கும் இடையில்தான் பந்து நுழைய வேண்டும். அந்த இடத்துக்குப் பெயர் பொக்கெட். நேற்று வரை அங்கே போன பந்து இன்று முதல் பின்னின் மூஞ்சியில் மோதுகிறது, நான்காம் பின் தனியே நிற்கிறது, ஸ்பிளிட் விழுகிறது (மீதிப் பின்கள் இடைவெளி விட்டுத் தள்ளித் தள்ளி நிற்கின்றன), சில நேரம் இடப்பக்கத்துக்கே கடந்து போகிறது என்றால், உங்கள் கை கெட்டுப்போகவில்லை. லேன் மாறியிருக்கிறது.

மூன்றாவது அறிகுறிதான் ஆட்களை ஏமாற்றும். பந்து சரியாகப் பொக்கெட்டுக்குள்தான் போகும். ஆனால் பின்கள் சோம்பலாக விழும், ஓரத்தில் பத்தாம் பின் நிற்கும். இதற்குக் காரணம் பந்து முன்கூட்டியே களைத்துப்போனது. பந்து முதலில் வழுக்கும், பிறகு திரும்பும், கடைசியில் வெறுமனே உருளும். காய்ந்த லேனில் இந்த மூன்றாவது கட்டம் பின்களுக்குப் பத்தடி முன்னாலேயே தொடங்கிவிடுகிறது.

தேய்ந்த லேனும் காய்ந்த லேனும் ஒன்றா?

இல்லை. காய்ந்ததை எண்ணெய் போட்டுச் சரிசெய்யலாம். தேய்ந்தது தேய்ந்ததுதான். பழைய மர லேனில் பந்து விழுகிற முன்பகுதிக்கும் பின்கள் நிற்கிற பகுதிக்கும் மேப்பிள் பலகை, நடுவில் பைன். மேலே பூசிய பூச்சு தடத்தில் தேய்ந்து, புது எண்ணெய் போட்ட அரை மணிக்குள் பந்து அங்கே பிடிக்கும். இப்போது பெரும்பாலும் செயற்கைத் தகடு. அதுவும் வருடக்கணக்கில் கீறல் விழுந்து சொரசொரப்பாகும். தேய்ந்த லேன் சீக்கிரம் காயும். இரண்டுக்கும் பந்து தேர்வு ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் எந்த இடம் காய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் பந்து எடுக்காதீர்கள். முன்பக்கம் முதல் 15, 20 அடி காய்ந்திருந்தால் வழுக்கிக்கொண்டு அந்த இடத்தைத் தாண்டுகிற பந்து வேண்டும். முன்பக்கம் நன்றாக இருந்து பின்பக்கம் மட்டும் கடுமையாகப் பிடித்தால், அங்கே வெட்டென்று திரும்பாத சாந்தமான பந்து வேண்டும். இவை இரண்டும் ஒரே பந்து என்று நினைத்துத்தான் பலர் காசை விடுகிறார்கள்.

அண்ணே, நல்லா ஹூக் ஆகும் என்று விலை கூடிய பந்தை வாங்கினேன். கொழும்பில் சரிவரவே இல்லை. பந்தில் பிழையா?

பந்தில் ஒரு பிழையும் இல்லை, தம்பி. இதே முட்டாள்தனத்தை நானும் செய்தேன்.

டோஹாவில் என்னோடு வேலை செய்த ஒருவர் ஊருக்குப் போகும்போது தன் பந்தை எனக்குப் பாதி விலைக்குத் தந்தார். 15 பவுண்டு, மேற்பரப்பு மங்கலான ரெசின், உள்ளே சமச்சீரில்லாத கோர், அதாவது பந்தின் நடுவில் வைத்த கனமான கட்டி. போட்டிக்கு எண்ணெய் தடிப்பாகப் போட்ட லேனில் அவர் அதை விட்டால் பார்க்கவே அழகு. 6.8 கிலோவைப் பெட்டியில் வைத்து, அதற்காக அம்மாவுக்கு வாங்கிய இரண்டு போர்வையை விட்டுவிட்டு, ஊருக்குக் கொண்டுவந்தேன். முதல் ஞாயிறு பின்னேரம் விட்ட முதல் பந்து 30 அடி தாண்டவில்லை, இடப்பக்கம் சாயத் தொடங்கி ஏழாம் பின்னுக்கு முன்னால் கானுக்குள் விழுந்தது. பக்கத்து லேனில் பிறந்தநாள் கொண்டாட வந்த பிள்ளைகள் கை தட்டினார்கள். (பந்து விழுகிற ஓரத்துப் பள்ளத்தை எல்லாரும் கட்டர் என்பார்கள். நாங்கள் தேயிலை மலையில் கான் வெட்டிப் பழகியவர்கள், அதனால் கான்.) போர்வை கதையை அம்மா இன்னும் மறக்கவில்லை.

விலை கூடிய பந்துகளில் அநேகம் தடித்த எண்ணெயை வெட்டிக்கொண்டு போவதற்காகச் செய்தவை. எண்ணெயே இல்லாத இடத்தில் அவை வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை; தங்கள் பலத்தைத் தாங்களே தின்றுவிடும். காய்ந்த லேனுக்கு வேண்டியது பலவீனமான பந்து. கடையில் அதைப் பலவீனம் என்று எழுத மாட்டார்கள். வறண்ட லேனுக்கு, மெல்லிய எண்ணெய்க்கு, புதியவருக்கு என்று எழுதியிருக்கும். புதியவருக்கு என்பதைப் பார்த்து வெட்கப்பட்டு அடுத்த தட்டுக்குப் போகிறவர்கள்தான் பிறகு எனக்குப் போன் எடுக்கிறார்கள்.

சரி, பந்தின் வெளித்தோலில் என்னென்ன வகை? எது நமக்கு?

பந்தின் குணத்தைத் தீர்மானிப்பதில் வெளித்தோல்தான் பெரிய பங்காளி. உள்ளே இருக்கிற கோர் அதற்கு அடுத்துத்தான்.

பாலியெஸ்டர். பேச்சில் பிளாஸ்டிக். சென்டரின் அடுக்கில் இருப்பதெல்லாம் இது. கடினம், வழுவழுப்பு, லேனைப் பிடிக்காது. எண்ணெய் இருந்தால் இது நேராகவே போகும். ஆனால் நன்றாகக் காய்ந்த லேனில் கையில் சுழற்சி உள்ளவர் விட்டால் இதுவும் அழகாக ஒரு வளைவு போடும். கொலம்பியா 300 நிறுவனத்தின் ஒயிட் டாட் இந்த வகையில் பெயர்போனது. மீதிப் பின்னை நேராக அடிக்கவும் இதுதான்.

யூரித்தேன். 1980களின் தொடக்கத்தில் வந்தது. பிளாஸ்டிக்கை விடப் பிடிக்கும். வளைவு சீராக, ஒரே மாதிரி இருக்கும். ஸ்டோர்ம் நிறுவனத்தின் பிட்ச் பிளாக், மிக்ஸ் இரண்டும் இந்த இனம்.

ரியாக்டிவ் ரெசின். 1990களின் தொடக்கத்தில் வந்து ஆட்டத்தையே மாற்றியது. எண்ணெயில் வழுக்கி, காய்ந்த இடத்தில் சட்டென்று பிடிக்கிற தோல். இதில் சாலிட், பேர்ல், இரண்டும் கலந்த ஹைபிரிட் என்று மூன்று. சாலிட் முன்கூட்டியே பிடிக்கும். பேர்ல் நீளமாக வழுக்கிப் பின்பக்கத்தில் திரும்பும். காய்ந்த லேன்காரர் சாலிட் ரெசினை மங்கலான மேற்பரப்போடு வாங்கினால், நான் போர்வையை விட்ட கதைதான்.

என் கணக்கு இது. முன்பக்கம் காய்ந்திருந்தால் பாலிஷ் செய்த, மென்மையான கோர் உள்ள பேர்ல் ரெசின். பிரன்ஸ்விக் நிறுவனத்தின் ரைனோ மாதிரி ஆரம்ப நிலைப் பந்துகள் போதும். முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து வறண்டு, எதைப் போட்டாலும் இடப்பக்கம் ஓடுகிறது என்றால் பிளாஸ்டிக். பின்பக்கம் மட்டும் முரடாக இருந்தால் யூரித்தேன். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது.

காய்ந்த லேனுக்கு யூரித்தேன்தான் என்று எல்லாரும் சொல்கிறார்களே?

அந்த நிபந்தனை உங்கள் வேகம். யூரித்தேன் பின்பக்கத்தில் சாதுதான், ஆனால் முன்பக்கத்தில் அது ரெசின் பேர்லை விட முந்திப் பிடிக்கும். மேற்பரப்பு மங்கலாக இருந்தால் இன்னும் முந்தும். பலமாக விடுகிறவர், கையில் நிறையச் சுழற்சி உள்ளவர், பந்தை அடக்குவதற்காக யூரித்தேன் எடுத்தால் அது வேலை செய்யும். மெதுவாக விடுகிறவர் அதையே எரிந்த முன்பக்கத்தில் விட்டால் பந்து பாதி வழியிலேயே உருண்டு, பின்னுக்குப் போகும்போது உயிர் இருக்காது. எங்கள் கூட்டத்தில் மெல்லிய உடம்புக்காரத் தம்பி ஒருவர் யூரித்தேன் வாங்கி மூன்று மாதம் பத்தாம் பின்னோடு மல்லுக்கட்டினார். பாலிஷ் செய்த சின்ன ரெசின் ஒன்றை இரவல் கொடுத்தேன், அன்றைக்கே சிரித்தார்.

ஆகவே "எல்லாரும்" என்பவர்கள் யார், எந்த வேகத்தில் விடுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். காணொளியில் யூரித்தேன் விடுகிற தொழில்முறை ஆட்டக்காரரின் கை வேறு, நம் கை வேறு.

உள்ளே இருக்கிற கோர் பற்றி எண் எண்ணாகப் போட்டிருக்கிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

இரண்டு எண் போதும். ஒன்று ஆர்.ஜி. பந்தின் எடை நடுவில் குவிந்திருக்கிறதா, வெளியோரம் தள்ளியிருக்கிறதா என்பதைச் சொல்வது. விதிப்படி 2.46க்கும் 2.80க்கும் இடையில் இருக்கும். எண் கூடினால் பந்து மெதுவாகச் சுழலத் தொடங்கி நீளமாக வழுக்கும். காய்ந்த லேனுக்குக் கூடின எண்தான் நல்லது, 2.55க்கு மேலே தேடுங்கள்.

மற்றது டிஃபரன்ஷியல். நான் மேலே சொன்ன எண்ணெய் வளையம் எவ்வளவு விரியும் என்பது இதில் தெரியும். வளையம் விரிய விரிய, ஒவ்வொரு சுற்றிலும் பந்தின் புது இடம் லேனைத் தொடும், பிடிப்பு கூடும். விதி விடுகிற உச்சம் 0.060. காய்ந்த லேனுக்கு 0.030க்குக் கிட்டவோ அதற்குக் கீழோ இருந்தால் நல்லது.

சமச்சீரான கோர் போதும். மற்றதெல்லாம் விளம்பரத்துக்கு.

இருக்கிற பந்தைப் பாலிஷ் செய்தால் போதாதா?

பல நேரம் போதும், அதை முதலில் செய்து பாருங்கள் என்றே சொல்வேன். மேற்பரப்பை உரைக்கிற தகட்டுக்கு 500, 1000, 2000, 4000 என்று எண் உண்டு. எண் குறைந்தால் சொரசொரப்பு, பந்து முந்திப் பிடிக்கும். 4000க்கு ஏற்றி மேலே பாலிஷ் போட்டால் முன்பக்கத்தைக் கடந்து போகும்.

அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பாலிஷ் போட்ட பலமான பந்து முன்பக்கத்தில் சேமித்த பலத்தை எல்லாம் பின்பக்கத்தில் ஒரேயடியாகக் கொட்டும். கொஞ்சம் எண்ணெயில் பட்டால் திரும்பவே திரும்பாது, கொஞ்சம் வறட்சியில் பட்டால் கோணலாகப் பாயும். ஒரு பலகை பிசகினாலும் ஒரு முழம் தள்ளிப்போகிற பந்தை வைத்து ஆட முடியாது. பலமான பந்தைப் பாலிஷால் சாதுவாக்கலாம் என்று நம்பி இரண்டு மாதம் வீணாக்கியவன் நான்தான்.

எடையைக் குறைத்தால் ஹூக் குறையுமா?

குறையாது.  16 பவுண்டுக்கு மேல் விதி விடாது. கை வலிக்காமல் மூன்று ஆட்டம் ஆட முடிகிற எடைதான் உங்கள் எடை. சென்டரில் 14ஐயும் 15ஐயும் எடுத்து ஆடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பந்து வாங்கக் காசில்லை. இருக்கிறதை வைத்தே சமாளிக்க வழி இருக்கிறதா?

இதைக் கேட்கிறவர்தான் எனக்குப் பிடித்தவர். பந்து வாங்க முதல் கால் இரண்டையும் நகர்த்திப் பாருங்கள்.

பீலிக்கரைப் படியை நினைவில் வையுங்கள். நடுவில் பாசி இல்லையென்றால் பாசி இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும். வலது கைக்காரர் இடப்பக்கம் நகர வேண்டும். பந்து முதல் பின்னின் மூஞ்சியில் மோதினால், நிற்கிற இடத்தை இரண்டு பலகை இடப்பக்கம் தள்ளி, குறி வைக்கிற இடத்தை ஒரு பலகை இடப்பக்கம் தள்ளுங்கள். போதாவிட்டால் இன்னும் இரண்டு, ஒன்று. நாலைந்து பலகை தள்ளும்போது உங்களுக்கே பயமாக இருக்கும், லேனின் நடுவில் நின்று வலப்பக்கம் எறிகிற மாதிரி இருக்கும். எறியுங்கள். நடுவில் எண்ணெய் இன்னும் இருக்கிறது. பந்து அதில் வழுக்கி வெளியே போய்த் திரும்பி வரும்.

நகர்ந்தும் அடங்காவிட்டால் வேகம். கையைப் பலவந்தமாக வீசாதீர்கள், அப்போதுதான் தோள் பிடிக்கும். தொடங்கும்போது பந்தை வழக்கத்தை விட ஒரு சாண் உயர்த்திப் பிடியுங்கள். ஊஞ்சல் உயரத்திலிருந்து வந்தால் வேகம் தானாக வரும்.

அதற்கும் அடங்காவிட்டால் கை. விடும்போது விரல்களைப் பந்தின் பக்கவாட்டில் சுற்றாமல் பின்னால் வைத்து, நேராக முன்னுக்கு நீட்டி விடுங்கள். பக்கச் சுழற்சி குறையும், பந்து நேராக ஓடும்.

இதெல்லாம் செய்தும் முடியாவிட்டால் சென்டரின் அடுக்குக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பந்தை எடுங்கள். காசு கேட்க மாட்டார்கள். சொந்தப் பந்தைப் பையிலிருந்து எடுத்துவிட்டு அடுக்குப் பந்தால் ஆடுவது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற நண்பர் ஒருவர் எங்களோடு வருகிறார். ஸ்கோரில் கடைசியாக இருப்பவரும் அவரே.

நான் இடது கைக்காரன். எனக்கும் இதேதானா?

இடமும் வலமும் மாற்றிப் படியுங்கள். ஆனால் உங்கள் பக்கத்தில் ஆடுகிறவர்கள் குறைவு, அதனால் உங்கள் தடம் மெதுவாகவே காயும். வலது கைக்காரர்கள் எல்லாரும் பந்தை மாற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒன்றும் செய்யாமல் ஆடலாம். பொறாமைதான்.

ஆட்டத்துக்கு நடுவில் பந்தைக் கிளீனர் போட்டுத் துடைக்கலாமா?

சும்மா ஆடும்போது உங்கள் இஷ்டம். ஐக்கிய அமெரிக்க பவுலிங் காங்கிரஸ் விதிப்படி நடக்கும் போட்டியில் 2019 ஆகஸ்ட் 1 முதல் ஆட்டத்துக்கு நடுவில் திரவம் எதுவும் கூடாது, உலர்ந்த துவாய் மட்டும்தான். காய்ந்த லேனிலும் ஒவ்வொரு தடவையும் துடையுங்கள். ஒரு தடவை துடைத்து ஒரு தடவை விட்டால் பந்து தடவைக்குத் தடவை வேறு மாதிரி போகும், நீங்கள் லேனைத் திட்டுவீர்கள்.

துளை எங்கே போடுவது? ஹட்டனில் சரியாக இருந்த துளை கொழும்பில் இறுக்குகிறதே?

துளை உங்கள் கையை அளந்துதான் போட வேண்டும். வளைகுடாவில் வேலை செய்கிறவர்கள் அங்கேயே கடையில் கையைக் கொடுத்து அளந்து, போட்டுக்கொண்டு வாருங்கள். ஊருக்குக் கொண்டுவந்து தச்சரிடம் துளை போடக் கேட்டவர் ஒருவர் உண்டு, அவரைப் பற்றி எழுத வேண்டாம் என்று சத்தியம் வாங்கியிருக்கிறார். காய்ந்த லேனுக்கென்று வாங்குவதாகக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். உள்ளே கோரின் உச்சியைக் காட்டுகிற சின்னப் புள்ளி பந்தின் மேலே இருக்கும். நீங்கள் விடுகிற பந்தின் சுழல் அச்சுக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரம் மூன்றரை அங்குலத்துக்குக் கிட்ட இருந்தால் வளையம் அதிகம் விரியும். அதைவிட நன்றாகக் கூடினாலோ குறைந்தாலோ விரிவு குறையும். நமக்கு விரிவு குறைவதுதான் வேண்டும். எடையைச் சமன்செய்ய நான்காவதாக ஒரு துளை போட்டிருந்த பழைய பந்தை யாராவது விற்க வந்தால் கவனம். 2020 ஆகஸ்ட் 1 முதல் அப்படியான துளை போட்டிக்கு ஆகாது.

இறுக்குவதற்குக் காரணம் குளிர். ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, நுவரெலியா 1,868 மீட்டர். விடியற்காலைக் குளிரில் விரல் சுருங்கியிருக்கும். அப்போது பெருவிரலைத் துளைக்குள் விட்டால் லொடலொடவென்று இருக்கும். அதற்காக உள்ளே இரண்டு துண்டு டேப் ஒட்டிக்கொண்டு பஸ் ஏறுவீர்கள். கொழும்பு வெக்கையில் விரல் வீங்கும், இரண்டு ஆட்டத்துக்குப் பிறகு இன்னும் வீங்கும். பந்தை விடும்போது பெருவிரல் சிக்கும், சிக்கியவர் தன்னை அறியாமல் கையைச் சுற்றுவார். காய்ந்த லேனில் அந்த ஒரு சுற்றுப் போதும், பந்து அந்தப் பக்கம் போய்விடும். நான் பார்த்த பாதிப் பேருக்குப் பிரச்சினை பந்தில் இல்லை, டேப்பில். ஊரில் ஒட்டாதீர்கள். லேனுக்குப் போய் நாலு பந்து விட்ட பிறகு ஒட்டுங்கள், பிறகு ஒன்றொன்றாக உரியுங்கள்.

மலைநாட்டுக் குளிரில் பந்தை எங்கே வைப்பது?

கூரைத் தகரத்துக்குக் கீழேயும் அடுப்பங்கரையிலும் வேண்டாம். இரவில் நடுங்கக் குளிர்ந்து, பகலில் தகரம் சுடுகிற அறையில் பந்து சுருங்கி விரிந்து வெடிக்கும். வெடிப்பு பெரும்பாலும் துளைக்குப் பக்கத்திலிருந்து தொடங்கும். கட்டிலுக்குக் கீழே, பழைய போர்வை ஒன்றில் சுற்றி வையுங்கள். (என் அம்மாவிடம் போர்வை கேட்காதீர்கள்.) கொழும்பில் காருக்குள் விட்டுவிட்டுப் போவதும் அதே கேடுதான்.

எண்ணெய் குடித்து மந்தமான பந்தை வெந்நீரில் வைத்து எண்ணெய் எடுக்கலாம். துளைகளை டேப்பால் மூடி, கை தாங்குகிற சூட்டுத் தண்ணீரில் இருபது நிமிடம். கொதிநீர் ஊற்றினால் பந்து போய்விடும்.

சப்பாத்தின் அடியையும் பாருங்கள். மழைக்காலத்தில் ஹட்டனில் வைத்த சப்பாத்தின் தோல் ஈரம் ஏறி, லேன் முன்னால் வழுக்காமல் ஒட்டும். ஒட்டினால் ஆள் தடுக்கி முன்னுக்கு விழுவார். அது பந்துத் தெரிவை விடப் பெரிய விஷயம்.

ஒரே ஒரு பந்துதான் வாங்க முடியும். எதை வாங்க?

மாதத்துக்கு ஒரு தடவைக்கும் குறைவாக ஆடுகிறவர் பந்து வாங்க வேண்டாம், சப்பாத்து வாங்குங்கள். மாதம் ஒன்றிரண்டு தடவை காய்ந்த லேனில் ஆடுகிறவர் நல்ல அளவில் துளை போட்ட பிளாஸ்டிக் ஒன்று. இது எல்லாருக்கும் ஏமாற்றமாக இருக்கும் என்று தெரியும். ஆனால் அடுக்குப் பந்து உங்கள் விரலுக்குப் பொருந்தாது. அதே பிளாஸ்டிக் உங்கள் கை அளவில் இருந்தால் ஆட்டமே வேறு. காய்ந்த லேனில் முதல் பந்துக்கும் அது உதவும், மீதிப் பின்னுக்கும் உதவும். ஏற்கெனவே ஹூக் பழகியவர், ஸ்கோர் 150ஐத் தொடுகிறவர், பாலிஷ் செய்த மென்மையான பேர்ல் ரெசின் வாங்கலாம். பிளாஸ்டிக் நேராகவே போவதால் பொக்கெட்டுக்குள் நுழைகிற கோணம் சின்னது. பின்கள் நன்றாகச் சிதற ஏறக்குறைய 6 டிகிரி வேண்டும் என்பார்கள்; நேராக விட்டால் அதில் கால்வாசிதான் கிடைக்கும். அந்தக் கோணத்துக்காகத்தான் ரெசின்.

பழைய பந்து வாங்கலாமா?

வாங்கலாம். துளை ஓரத்தில் நகத்தை ஓட்டி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். துளையை அடைத்து மறுபடி உங்கள் அளவில் போடுகிற செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். இன்னொன்று: நாலைந்து வருடம் ஆடி எண்ணெய் குடித்து மந்தமான ரெசின் பந்தை மற்ற இடங்களில் யாரும் விரும்ப மாட்டார்கள். காய்ந்த லேனில் அந்த மந்தமே குணம். என்னிடம் இப்போது இருப்பதில் அதிகம் ஆடுகிற பந்து அப்படி ஒன்றுதான்.

பஸ்ஸில் எப்படிக் கொண்டுபோவது?

மேல் தட்டில் வைக்காதீர்கள். கினிகத்தேனை தாண்டிக் கித்துல்கலை வரை இறங்குகிற வளைவுகளில் 15 பவுண்டு மேலேயிருந்து விழுந்தால் யாருடைய தலை என்று சொல்ல முடியாது. சீட்டுக்குக் கீழே வைத்தாலும் பை திறந்திருந்தால் அது டிரைவர் வரை போய்விடும். ஒரு தடவை போயிருக்கிறது, கண்டக்டர் அதற்கும் டிக்கெட் எழுத வந்தார். இரண்டு காலுக்கும் நடுவில், பையின் வாரைக் கணுக்காலில் ஒரு சுற்றுச் சுற்றி வையுங்கள்.